மதுரையிலிருந்து கங்கைக்கு: குளிர்காலத்தில் குழுவாக ரப்பர் தெப்பத்தில் இறங்க ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரைக்காரர்களுக்குத் தெப்பம் என்றால் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம்தான். தை மாதத்தில் மீனாட்சியும் சொக்கநாதரும் ஏறி அமர, கரையில் நிற்பவர்கள் வடம் பிடித்து இழுக்க, மைய மண்டபத்தைச் சுற்றி அது மெதுவாக நகரும். நாற்பது வயது வரை எனக்குத் தெரிந்த தெப்பமும் அது ஒன்றுதான். அதே தை மாதத்தில், வடமும் இழுக்க ஆளும் இல்லாத ரப்பர் தெப்பத்தில், ரிஷிகேஷுக்கு மேலே இரண்டு பக்கமும் மலை நெருக்கும் கங்கையில் இறங்கியது அதற்குப் பிறகு. இதுவரை மூன்று முறை குழுவோடு போய்வந்திருக்கிறேன். அடுத்து போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கேட்பவர்கள் எல்லோரும் அலை எவ்வளவு உயரம் வரும் என்றே கேட்கிறார்கள். தண்ணீர் எவ்வளவு குளிரும் என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் மூன்று பயணங்களிலும் ஆட்கள் பட்ட பாடு அத்தனையும் குளிரால் வந்தது, அலையால் ஒன்றுகூட இல்லை. ஆகவே இந்த வழிகாட்டியில் பாதி குளிரைப் பற்றித்தான் இருக்கும்.

எப்போது, எப்படிப் போவது

கங்கையில் தெப்பம் விடும் காலம் செப்டம்பர் கடைசியில் தொடங்கி ஜூனில் முடியும். மழைக்காலமான ஜூலை, ஆகஸ்டில் நிறுத்திவிடுவார்கள். கூட்டம் மார்ச் முதல் மே வரை அலைமோதும். டிசம்பரிலும் ஜனவரியிலும் ஆறு கிட்டத்தட்ட உங்களுக்கே சொந்தம். மேலே பனிக்கட்டி உருகுவது குறைந்துவிடுவதால் தண்ணீர் கலங்கல் இல்லாமல் பச்சையாக, அடிக்கல் தெரிகிற அளவுக்குத் தெளிவாக ஓடும். அந்தப் பச்சையைப் பார்ப்பதற்காகத்தான் நாங்கள் குளிரைச் சகித்துக்கொள்கிறோம்.

எங்கள் குழுவில் ஒருவர் பொங்கல் விடுமுறையில் போகலாம் என்றார். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றையும் விட்டுவிட்டு வர ஒருவரும் தயாராக இல்லை. குடியரசு தினத்தை ஒட்டிய வாரம் என்று முடிவானது. உங்களுக்கும் அதையே சொல்வேன்.

மதுரையிலிருந்து சம்பர்க் கிராந்தி, திருக்குறள் என இரண்டு ரயில்கள் தில்லி ஹஸ்ரத் நிஜாமுதீனுக்குப் போகின்றன. முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது; பன்னிரண்டு பேருக்கு ஒரே பெட்டியில் இடம் வேண்டுமென்றால் திறக்கும் அன்று காலையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். தில்லியிலிருந்து ஹரித்துவார், அங்கிருந்து ரிஷிகேஷ். விமானத்தில் போகிறவர்களுக்கு டேராடூன் ஜாலி கிராண்ட் நிலையம் ரிஷிகேஷுக்குப் பக்கம். எந்த வழியானாலும் வட இந்திய மூடுபனியை மறக்காதீர்கள். ஜனவரியில் ரயிலும் விமானமும் மணிக்கணக்கில் தாமதமாகும். போய் இறங்கிய மறுநாளே ஆற்றில் இறங்கத் திட்டமிடாமல், நடுவில் ஒரு நாளைக் காலியாக விடுங்கள். தாமதம் இல்லாவிட்டாலும் அந்த ஒரு நாள் உடம்பு குளிருக்குப் பழகுவதற்கு ஆகும்.

ரிஷிகேஷிலிருந்து ஆற்றை ஒட்டி மேலே ஏறும் சாலை தேசிய நெடுஞ்சாலை 7. வாரணாசியிலிருந்து மதுரை வழியாகக் கன்னியாகுமரிக்குப் போன நம் சாலைக்கு முன்பு இருந்த எண் அது. எண்களை மாற்றியபோது நமக்கு 44 வந்தது. 7 பத்ரிநாத் போகும் சாலைக்குப் போய்விட்டது. அந்த மைல்கல்லைப் பார்த்ததும் எங்கள் வேனில் ஒரு கைதட்டல் எழுந்தது. ஓட்டுநருக்குக் காரணம் புரியவில்லை.

ஆள் சேர்ப்பது

ஒரு தெப்பத்தில் வழிகாட்டி நீங்கலாக ஆறு முதல் எட்டுப் பேர். எட்டைத் தாண்டினால் இரண்டு தெப்பம். இரண்டு தெப்பம் போவதே நல்லது. ஒன்று கவிழ்ந்தால் மற்றொன்று ஆட்களை அள்ளும்.

சேரும்போதே நான்கு கேள்விகளை நேராகக் கேளுங்கள்: இதயக் கோளாறு, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், வலிப்பு, ஆஸ்துமா. குளிர்ந்த நீரில் திடீரென விழும்போது ரத்தக்குழாய்கள் சுருங்கி, இதயத்துடிப்பும் அழுத்தமும் ஒரேயடியாக ஏறும். முதல் மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அவர் கரையில் வேனோடு வரட்டும். ஆஸ்துமாக்காரர் மருத்துவரைக் கேட்டு, இன்ஹேலரை நீர் புகாத பையில் வைத்துக்கொண்டு வரலாம். கர்ப்பிணிகளும் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் குளிர்காலத்தில் வேண்டாம். இதையெல்லாம் மதுரையில் டிக்கெட் போடுவதற்கு முன்பே கேட்டு முடித்துவிடுங்கள். ஆற்றங்கரையில் வைத்துக் கேட்டால், பணம் கட்டிவிட்ட எந்த மாமாவும் உண்மையைச் சொல்லமாட்டார்.

நீச்சல் தெரியாதவர்கள் வரலாமா? லைஃப் ஜாக்கெட் மிதக்க வைக்கும் என்பதால் வரலாம் என்று பலர் சொல்வார்கள். கோடையில் சரி. குளிர்காலத்தில் என் குழுவில் சேர்க்கமாட்டேன். தண்ணீருக்குள் முகம் போனாலே பதறுகிற ஒருவர், குளிரும் சேர்ந்துகொண்டால் சொன்னதைக் கேட்கும் நிலையில் இருக்கமாட்டார்.

இரண்டு மாதம் முன்பிருந்து: உடம்பைப் பழக்குவது

மதுரையில் ஜனவரி இரவிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். அதற்கே குல்லா போடுகிறவர்கள் நாம். கங்கை நீர் அப்போது 15 டிகிரிக்கும் கீழே இருக்கும். அந்த மாதிரித் தண்ணீரில் விழுந்த உடனே உடம்பு நம்மைக் கேட்காமல் ஒரு பெரிய மூச்சை இழுக்கும். அந்த நேரத்தில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரைத்தான். பிறகு ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும். நல்ல நீச்சல்காரர்களும் முதல் நிமிடத்தில் திணறுவது இதனால்தான்.

இதற்குப் பழக்கம் உதவும். குளிர்ந்த நீரில் சில நிமிடங்கள் வீதம் பல நாள் இறங்கி ஏறியவர்களுக்கு அந்த முதல் மூச்சிழுப்பு கணிசமாகக் குறைகிறது. ஆனால் மதுரைக் குழாயில் குளிர்ந்த தண்ணீருக்கு எங்கே போவது? ஞாயிறுகளில் பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவிக்குப் போனோம். கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கும் தண்ணீர், மார்கழியில் நன்றாகவே உறைக்கும். வெள்ளம் வந்தால் வனத்துறை மூடிவிடும் என்பதால் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். வார நாட்களுக்கு மொட்டை மாடியில் ஒரு நீல டிரம். மீன் கடைக்கு வரும் ஐஸ் பாரில் பாதியை வாங்கி அதில் போட்டு, வெப்பமானியில் 15 டிகிரி காட்டியதும் கழுத்து வரை இறங்குவோம். பக்கத்து வீட்டுப் பாட்டி முதல் நாள் என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

டிரம்மில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: மூச்சை வெளியே விடுவது. உள்ளே இழுப்பது தானாக நடந்துவிடும். உதட்டைக் குவித்து, சூடான காப்பியை ஊதுவதுபோல நீளமாக ஊதுங்கள். பத்து ஊதலுக்குள் மூச்சு உங்கள் கைக்கு வரும். முதல் நாள் ஒரு நிமிடம், போகப்போக மூன்று நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். பக்கத்தில் ஒருவர் நிற்காமல் யாரும் இறங்கக் கூடாது.

துணி: பருத்தியை வீட்டில் வையுங்கள்

சுங்குடி ஊரில் பிறந்த நமக்குப் பருத்தி தாய்மொழி மாதிரி. ஆற்றில் அதுதான் எதிரி. பருத்தி நீரைக் குடித்து உடம்போடு ஒட்டி, சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நீரில் உடம்பின் வெப்பம் காற்றில் போவதைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெளியேறும் என்பார்கள். நனைந்த பனியன் அந்தத் தண்ணீரைக் கரையிலும் உங்களோடு கூட்டிக்கொண்டு வரும். பனியன், ஜீன்ஸ், துண்டு எதுவும் தெப்பத்தில் ஏறக் கூடாது.

மேல் தோலோடு பாலியஸ்டர் ஜெர்ஸி ஒன்று, விளையாட்டுச் சாமான் கடையில் கிடைப்பது போதும். கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூடு தரும் என்பதால் அதன்மேல் மெல்லிய கம்பளிச் சட்டை. அதற்கும் மேலே வெட்சூட். இது நியோப்ரீன் என்ற ரப்பர் நுரையால் ஆனது. உள்ளே புகும் மெல்லிய நீர்ப்படலத்தை உடம்பு சூடாக்க, அந்தச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. ஆகவே தொளதொளவென்று இருக்கும் வெட்சூட்டால் பயன் கிடையாது. ஒவ்வொரு அலைக்கும் புதிய குளிர்ந்த தண்ணீர் உள்ளே வந்து போகும். இடுப்பின் பின்பக்கமும் அக்குளிலும் கிள்ளிப் பாருங்கள், துணி கையோடு வந்தால் ஒரு அளவு சின்னதாகக் கேளுங்கள். தடிமன் குறைந்தது 3 மில்லிமீட்டர். எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் துளியும் புகாத ஜாக்கெட்.

வெட்சூட் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். ஒரு முறை எங்களுக்கு முந்தைய நாள் ஈரம் காயாத உடைகளைக் காலை எட்டு மணிக்குக் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு நாற்பது நிமிடம் வேனில் உட்கார்ந்ததிலேயே பாதிப் பேருக்கு நடுக்கம் வந்துவிட்டது. அன்றிலிருந்து முந்தைய மாலையே போய் உடைகளைத் தொட்டுப் பார்த்து, பெயர் எழுதிக் கட்டி, தங்குமிடத்துக்குத் தூக்கி வந்துவிடுகிறோம்.

காலுக்குக் கயிறு கட்டும் பழைய கேன்வாஸ் ஷூவும் கம்பளிக் காலுறையும். செருப்பு முதல் அலையிலேயே போய்விடும். கண்ணாடி அணிகிறவர்கள் இரண்டு காதுக் கம்பிகளையும் இணைத்துப் பின்னந்தலையில் இறுக்கமாக ஒரு நாடா கட்டிக்கொள்ளுங்கள். வேனில் காத்திருக்கும் பையில் ஆளுக்கு முழு மாற்றுத் துணி, கம்பளிக் குல்லா, போர்வை, பிளாஸ்கில் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி.

எந்த இடத்தில் ஏறுவது

தேவப்பிரயாகையில் பாகீரதியும் அலக்நந்தாவும் சேர்ந்த பிறகுதான் அதற்குக் கங்கை என்று பெயர். அங்கிருந்து ரிஷிகேஷ் வரை ஆறு மலையிடுக்கில் வளைந்து வளைந்து வருகிறது. தெப்பம் ஏறும் இடங்கள் நான்கு. ரிஷிகேஷுக்கு மிக அருகில் பிரம்மபுரி, சுமார் 9 கிலோமீட்டர். அடுத்து சிவபுரி, 16. அதற்கும் மேலே மரைன் டிரைவ், சுமார் 25. உச்சியில் கௌடியாலா, சுமார் 36.

குளிர்காலத்தில் முதல் தடவை போகிறவர்களுக்குச் சிவபுரியே போதும் என்பது என் தீர்மானமான கருத்து. ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் என்று பெயர் வைத்திருக்கும் பெரிய பாய்ச்சல்கள் (தண்ணீர் பாறைகளுக்கு நடுவே சீறிப் பாயும் இடங்கள்) இரண்டும் அந்தத் தூரத்துக்குள்ளேயே வந்துவிடுகின்றன. பாய்ச்சல்களை உலகெங்கும் ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிப்பார்கள். இவை மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில். கௌடியாலாவிலிருந்து வந்தால் தி வால் என்ற நான்காம் தரப் பாய்ச்சல் உண்டு. ஆனால் அந்தப் பாதையில் நாள் முழுவதும் ஈரத்தில் உட்கார வேண்டும். முதல் நாளே அது ஆசைப்படும் விஷயம் ஆகாது.

நேரம் முக்கியம். பள்ளத்தாக்கின் அடியில் வெயில் தாமதமாக வந்து சீக்கிரம் போய்விடும். பதினொன்று மணிக்கு முன் ஏறாதீர்கள், மூன்று மணிக்குள் கரையில் இருங்கள். வானம் மூடி மழைத் தூறல் இருந்தால் அன்று ரத்து. மேலே பாகீரதியில் 260 மீட்டர் உயர டெஹ்ரி அணை இருக்கிறது. மின்சாரத்துக்காக நீர் விடுவதும் நிறுத்துவதும் கீழே ஆற்றின் மட்டத்தில் தெரியும். இன்று மட்டம் எப்படி, நேற்று எப்படி இருந்தது என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். கூடவே அவருடைய உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். மீட்பு ஓடக்காரர் ஒருவர் கயாக் என்ற ஒற்றை ஆள் ஓடத்தில் கூட வருகிறாரா என்றும் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளிப்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

தெப்பத்தில்

லைஃப் ஜாக்கெட்டை மாட்டியதும் இன்னொருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். காது வரை ஏறினால் வார்களை இறுக்குங்கள். ஹெல்மெட் நெற்றியை மூட வேண்டும்.

உட்காருவது தெப்பத்தின் உள்ளே அல்ல, ஓரக் குழாயின்மேல். ஒரு பாதத்தைத் தரையில் இருக்கும் குறுக்குக் குழாயின் அடியில் செருகிக்கொள்ளுங்கள். உங்களைத் தெப்பத்தில் பிடித்து வைத்திருப்பது அந்தப் பாதம்தான். துடுப்பின் தலையில் டி வடிவப் பிடி இருக்கும். என்ன நடந்தாலும் அதை விட்டுக் கை எடுக்காதீர்கள். அந்தப் பிடியை விட்டால் பக்கத்தில் இருப்பவரின் பல் போகும்.

முன்வரிசையில் இரண்டு பேர் தாளம் கொடுப்பார்கள், மற்றவர்கள் அவர்களைப் பார்த்துத் துழாவ வேண்டும். அங்கே பலசாலியை உட்கார வைப்பது எல்லோரும் செய்யும் தவறு. எங்கள் முன்வரிசையில் ஒரு தவில்காரர் இருந்தார். அவரைவிடச் சரியான ஆளை நான் பார்த்ததில்லை.

கட்டளைகள் ஆங்கிலச் சொற்களாகவே வரும். ஃபார்வர்ட் என்றால் முன்னே சாய்ந்து துழாவுவது, பேக் என்றால் பின்னே. ஸ்டாப் என்றதும் துடுப்பை மடியில் வையுங்கள். கெட் டவுன் என்றால் உள்ளே தரையில் குந்தி, கயிற்றைப் பிடித்துக்கொள்வது. ஹை சைடு என்ற சத்தம் கேட்டால் யோசிக்காதீர்கள்: தெப்பம் பாறையில் மோதி ஒரு பக்கம் தூக்கியிருக்கிறது, எல்லோரும் தூக்கிய பக்கத்தில் பாய்ந்து விழ வேண்டும். பாறையைப் பார்த்து இயல்பாகவே பின்வாங்குவோம், அதனால்தான் கவிழ்கிறது. இந்த ஐந்து சொல்லையும் ரயிலிலேயே பழகுங்கள். பெர்த்தில் உட்கார்ந்து ஹை சைடு பழகிய எங்களைப் பார்த்து டிக்கெட் பரிசோதகர் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போனார்.

விழுந்தால்

விழுவோம் என்று வைத்துக்கொண்டே ஏறுங்கள். விழுந்ததும் முதலில் அந்த டிரம் மூச்சு: ஊதுங்கள். தெப்பத்தின் அடியில் மாட்டிக்கொண்டால் கைகளை மேலே வைத்து, ஒரே திசையில் கையாலேயே நடந்து வெளியே வாருங்கள். திசையை மாற்றினால் அடியிலேயே சுற்றுவீர்கள். தெப்பம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் சுற்றுக்கயிற்றைப் பிடியுங்கள்.

எட்டாவிட்டால் மல்லாந்து, கால்கள் ஆறு போகும் திசையைப் பார்க்க, கால்விரல் தண்ணீருக்கு மேலே தெரிய மிதந்து வாருங்கள். பாறை வந்தால் பாதம் உதைக்கட்டும். ஓடும் நீரில் எழுந்து நிற்கவே கூடாது. பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் வேகம் ஆளை முன்னே சாய்த்து முகத்தை அழுத்திவிடும். முழங்காலுக்கும் கீழே தண்ணீர் வரும்வரை மிதந்துகொண்டே இருங்கள். மீட்புக் கயிறு வீசினால் கயிற்றைப் பிடியுங்கள், கையில் சுற்றாதீர்கள். பிடித்த கயிற்றைத் தோளுக்கு மேல் விட்டு, மல்லாந்து, இழுக்கும் ஆளுக்கு முதுகு காட்டி வாருங்கள். மூக்கில் தண்ணீர் ஏறாது.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் உறைபனித் தண்ணீருக்கு ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார்: மூச்சை அடக்க ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி நேரம். கங்கை அவ்வளவு குளிர் இல்லை என்பதால் நமக்கு இன்னும் அவகாசம் உண்டு. வரிசை மட்டும் அதேதான். நினைவு போவதற்கு வெகு முன்பே விரல்கள் போய்விடும்.

இதை என் கண்ணால் பார்த்தேன். முதல் பயணத்தில் ஒருவர் வெட்சூட் வேண்டாம், ஜீன்ஸே போதும் என்று சொல்லிவிட்டார். அவர் பாய்ச்சலில் விழவும் இல்லை. அலை ஓய்ந்த இடத்தில், வழிகாட்டி அனுமதித்தார் என்று தானே குதித்து, ஐந்து நிமிடம் கயிற்றைப் பிடித்து மிதந்தார். ஏறி வந்து, நன்றாக இருக்கிறேன் என்று நான்கு முறை சொன்னார். நான்காவது முறை சொல் குழறியது. கரையேறியதும் தாடைக்குக் கீழே இருந்த ஹெல்மெட் கொக்கியைக் கழற்றப் பார்த்தார். இரண்டு கட்டைவிரலும் கொக்கியின்மேல் இருந்தன, அழுத்த முடியவில்லை. திரும்பத் திரும்ப அதைத் தடவிக்கொண்டே இருந்தார். கடைசியில், "மாப்பிள்ளை, இதைக் கழற்றிவிடு" என்று தங்கை கணவரிடம் மோவாயை நீட்டினார். ஊரில் தையற்கடை வைத்திருக்கிறவர்; கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோக்கும் விரல்கள்.

கரையேறிய பின்

தடுமாறும் நடை, குழறும் பேச்சு, சொல்பேச்சுக் கேட்காத விரல். இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் அவர் சொல்வதை நம்பாதீர்கள், பார்ப்பதை நம்புங்கள். உடனே காற்றில்லாத இடத்துக்கு, அதாவது வேனுக்குள் கொண்டுபோங்கள். ஈரத்துணி முழுவதையும் கழற்றி, துடைத்து, உலர்ந்த துணி, குல்லா, போர்வை. கைகாலைத் தேய்க்காதீர்கள், கைகாலில் தேங்கிய குளிர்ந்த ரத்தம் வேகமாக நெஞ்சுக்குத் திரும்பினால் உள்சூடு இன்னும் இறங்கும். வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி அக்குளிலும் நெஞ்சிலும் வையுங்கள். விழுங்க முடிகிறது, நினைவு தெளிவாக இருக்கிறது என்றால் இனிப்பான சூடான சுக்குக் காப்பியும் கடலை மிட்டாயும் கொடுக்கலாம். மதுபானம் கூடவே கூடாது, அது சூடு ஏற்றுவதுபோல் காட்டிவிட்டுத் தோல் வழியாக வெப்பத்தை வெளியேற்றும். நல்லவேளையாக ரிஷிகேஷ் நகருக்குள் மதுவும் இல்லை, மாமிசமும் இல்லை. முதலாவதைப் பற்றி எங்களில் யாரும் புலம்பவில்லை. கறி தோசை இல்லாத நான்கு நாட்களைப் பற்றி இன்றும் புலம்புகிறார்கள்.

நடுக்கம் நின்ற பிறகும் ஆள் மந்தமாக, தூக்கக் கலக்கமாக இருந்தால் அது தேறிவிட்டதன் அடையாளம் இல்லை, நிலைமை மோசமாகிறது. படுக்கவைத்து, அசைக்காமல், நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

மற்றவர்களும் உடை மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. படம் எடுப்பது, வாடகைச் சாமானை எண்ணிக் கொடுப்பது எல்லாம் உலர்ந்த துணிக்குப் பிறகுதான். இரவு ஆற்றங்கரைக் கூடாரத்தில் தங்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் ஒன்றைக் கவனியுங்கள்: 2015 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கரை மணலில் முகாம் போடுவதற்குக் கட்டுப்பாடு விதித்தது. சுவரும் கதவும் உள்ள அறையே குளிர்காலத்துக்குச் சரி.

ஈரக் கம்பளியையும் ஷூவையும் தனித்தனிப் பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டுங்கள். மூடுபனியில் தில்லி வரை எதுவும் காயாது. ரயில் நாக்பூரைத் தாண்டும்போது ஸ்வெட்டர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். அப்போது பைகளைப் பிரித்து மேல் பெர்த் சங்கிலியில் தொங்கவிடலாம். விஜயவாடா வருவதற்குள் காலுறை காய்ந்துவிடும். ஷூ மட்டும் மதுரை மொட்டை மாடிக்கு, அந்த நீல டிரம்மின் மூடிக்கு.